மழைக்காலத்தில் பொரியும் ஐசியும் ஒரு தாய்லாந்துப் பயணமும்

ஜூன் பிறந்தால் என் போன் ரிப்பேர் கடையில் ஐசி (போர்டில் ஒட்டியிருக்கும் சின்னக் கறுப்புச் சில்லு) பொரியும். நிஜமாகவே பொரிகிற மாதிரிதான். போன் போர்டில் ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) பிடித்துக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஐசியின் நடுமுதுகு லேசாக உப்பியிருக்கும். அதோடு அதன் கதை முடிந்தது. போனுக்குச் சொந்தக்காரர் வெளியே முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பல வருடமாக இதற்கு நான் ஒரே காரணம்தான் சொல்லிவந்தேன்: "டூப்ளிகேட் ஐசிங்க, மார்க்கெட்ல ஏமாத்திட்டாங்க." மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு என்று தெரிந்துகொள்ள யாங்கோனிலிருந்து தாய்லாந்து வரை போக வேண்டியிருந்தது.

கடை காளியம்மன் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில். பாதி கடை, பாதி வகுப்பு. ஒரு காலத்தில் சிம் கார்டே லட்சக்கணக்கில் விற்ற ஊர் இது. 2014-இல் ஊரெடூ, டெலினார் என்ற போன் கம்பெனிகள் வந்து 1,500 சாட்டுக்கு (பர்மாப் பணம்) சிம் கொடுத்ததும் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. போன் வந்தால் ரிப்பேரும் வரும்தானே. அப்போது ஆரம்பித்த வகுப்பு. 2019-இல் என்னிடம் 13 பேர் படித்தார்கள். 11 பேர் நம் பிள்ளைகள், யாங்கோன், பகோ, தாட்டோன், மோல்மேன் என்று பல ஊர். 2 பேர் பர்மியப் பையன்கள். எல்லாருக்கும் நான் 'சயா'தான். தமிழ்ப் பிள்ளைகளும் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அது பழகிவிட்டது. வகுப்பில் தமிழில் பேசுவோம், குறிப்பை பர்மிய எழுத்தில் எழுதுவார்கள்.

ஒரு நாள் மோல்மேன் பையன் கேட்டான்: "சயா, இந்த போர்டையெல்லாம் முதல்ல எப்படிச் செய்றாங்க? நாம கெட்டதைத்தானே பாக்கறோம், நல்லதா வர்றதைப் பாத்ததே இல்லையே." பயணத்துக்கான விதை அதுதான்.

போவது அப்போது சுலபம். 2015 ஆகஸ்டிலிருந்து நம் பர்மா பாஸ்போர்ட்டில் விமானத்தில் போனால் தாய்லாந்தில் 14 நாள் விசா இல்லாமலே இருக்க முடிந்தது. ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. தொழிற்சாலைக் கதவைத் திறக்கவைப்பதுதான் பாடு. ஏழு இடத்துக்கு எழுதினேன். நாலு இடத்திலிருந்து பதிலே வரவில்லை, இரண்டு இடம் மரியாதையாக மறுத்தது. நடுவில் ஒரு டிராவல்ஸ்காரர் 'தொழிற்சாலை சுற்றுலா' என்று பணம் வாங்கப் பார்த்தார். விசாரித்தால் அது தொழிற்சாலையே இல்லை, சாமான் விற்கிற ஷோரூம். கடைசியில் உதவியது எனக்கு சால்டர் பேஸ்ட் (பாகங்களை போர்டில் பற்றவைக்கும் உலோகப் பசை) விற்கும் ஆள். அவருக்கு பாங்காக்கில் ஒரு ஏஜென்ட், அந்த ஏஜென்டுக்கு ஒரு தொழிற்சாலையில் பழக்கம். அப்படித்தான் அயுத்தயாவுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு தொழிற்பேட்டையில் இடம் கிடைத்தது. பிள்ளைகளை இப்படிக் கூட்டிப்போக நினைப்பவர்கள் கம்பெனியின் பொது விலாசத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தக் கம்பெனிக்குச் சாமான் விற்கிறவரைப் பிடியுங்கள், அவர் சொன்னால் கேட்பார்கள். கடிதத்திலும் 'பார்க்க ஆசை' என்று எழுதினால் வேலைக்காகாது. நான் இரண்டாவது தடவை, 'எங்கள் பிள்ளைகள் பிஜிஏ ரீபால் செய்கிறார்கள், உங்கள் பிரிண்டிங்கும் ரீஃப்ளோவும் பார்க்க வேண்டும், இரண்டு மணி நேரம் போதும்' என்று எழுதினேன். அதற்குத்தான் பதில் வந்தது. (பிஜிஏ என்பது அடியில் சின்னச் சின்ன சால்டர் குண்டுகள் உள்ள ஐசி, ரீபால் என்றால் அந்தக் குண்டுகளைப் புதிதாக வைப்பது. பிரிண்டிங் என்பது போர்டில் பேஸ்ட் பூசுவது, ரீஃப்ளோ என்பது அதை அடுப்பில் உருக்குவது.)

ஆளுக்கு மூன்றரை லட்சம் சாட் ஆனது. டிக்கெட், மூன்று இரவு தங்கல், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து. இரண்டு பேருக்கு வீட்டில் முடியவில்லை, மற்றவர்கள் பங்கு போட்டோம்.

நவம்பரில் போனோம். முதல் நாள் காலையிலேயே என்னால் ஒரு குளறுபடி. பாங்காக் நேரம் நம் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு விமானத்திலேயே அதைச் சொல்லி எல்லாரையும் மாற்றவைத்தேன். என் கைக்கடிகாரத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். ஆறரைக்கு வேன். நான் ஆறு மணி என்று நினைத்து நிதானமாகக் குளித்துக்கொண்டிருக்கிறேன், கீழே 13 பேரும் டிரைவரும் நிற்கிறார்கள். பகோ பெண் மாடி ஏறி வந்து கதவைத் தட்டி, "சயா, நீங்க இன்னும் பர்மாவுலயே இருக்கீங்களா?" என்றாள். அந்தப் பேச்சை இன்றைக்கும் வகுப்பில் யாராவது எடுக்கிறார்கள்.

வேன் பஹோன்யோதின் ரோட்டில் போகும்போது டிரைவர் நவநகோன் தொழிற்பேட்டையைக் காட்டினார். சுற்றிலும் மதில் மாதிரி ஒரு வெள்ளத்தடுப்புச் சுவர். அதைப் பார்த்ததும் எனக்கு 2011 ஞாபகம் வந்தது. அந்த அக்டோபரில் இந்தப் பக்கம் ஏழு தொழிற்பேட்டைகள் வெள்ளத்தில் மூழ்கின. டான் முவாங் விமான நிலையமே தண்ணீருக்குள் இருந்தது. உலகத்து ஹார்ட் டிஸ்க்கில் பெரும் பங்கு இங்கேதான் செய்யப்பட்டது. இங்கே தண்ணீர் ஏறியதும் யாங்கோனில் என் கடையில் 40 ஆயிரம் சாட்டுக்கு விற்ற ஹார்ட் டிஸ்க் 80 ஆயிரத்தைத் தாண்டியது. அப்போது ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, மொத்த வியாபாரி பதுக்குகிறார் என்று அவரோடு சண்டைபோட்டேன். பாவம் மனுஷன்.

தொழிற்சாலை வாசலில் நாங்கள் இறங்கவும் மணி எட்டு அடிக்கவும் சரியாக இருந்தது. ஒலிபெருக்கியில் தாய்லாந்து தேசிய கீதம். தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் அங்கே நாடு முழுக்க ஒலிக்கும். காவலாளி, சைக்கிளில் வந்தவர், டீ விற்கிற அம்மா, எல்லாரும் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். எங்கள் தாட்டோன் பையன் ஒரு காலை வேன் படியில் வைத்தபடி அசையாமல் நின்றான்.

அப்புறம் செருப்புப் பிரச்சினை. மூடிய ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்று நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். இருந்தும் இரண்டு பேர் செருப்பில் வந்துவிட்டார்கள். வருஷம் முழுக்க லுங்கியும் செருப்புமாகத் திரிகிற ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஷூ என்பது கல்யாணச் சாமான். காவலாளியே உள்ளே போய் இரண்டு ஜோடி கொண்டுவந்தார். இரண்டும் அளவு பெரிது. அந்த இரண்டு பேரும் அன்று முழுக்க வாத்து நடைதான்.

முதலில் காட்டியது கிளீன் ரூம், ஹார்ட் டிஸ்கில் தகவலைப் படித்து எழுதும் தலைப்பகுதியைக் கோக்கிற இடம். ஓடுகிற தட்டுக்கு மேல் அந்தத் தலை சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே எழுபது, எண்பதாயிரம் நானோமீட்டர். ஒரு தூசி போதும், அதற்கு அது மலை. அதனால் ஒரு கன அடி காற்றில் அரை மைக்ரான் அளவுத் தூசி நூறுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். உள்ளே போக முகத்தில் பவுடர் கூடாது. பகோ பெண் கன்னத்தில் வட்டமாகத் தனக்கா (நம் பர்மாவில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசியிருந்தாள், போய்க் கழுவிவிட்டு வந்தாள். ஒரு பையன் நெற்றியில் திருநீறு. முந்தின நாள் மாலை பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலில் வாங்கி மடித்து வைத்திருந்ததைக் காலையில் பூசியிருந்தான். சங்கடப்பட்டுக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் துடைத்து, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாசலில் இருந்த பெண் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார். சாதாரணக் காகிதம் நார் உதிர்க்குமாம். எங்கள் நோட்டுப் புத்தகங்களும் வெளியேதான். உள்ளே எழுத அவர்களே இளநீலத்தில் ஒரு தனிக் காகிதம் கொடுத்தார்கள். போன்களின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு பெட்டியில் பூட்டினார்கள்.

கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு, நாலா பக்கமும் காற்று அடிக்கிற சின்ன அறை, அதைத் தாண்டி உள்ளே. பிள்ளைகளுக்கு ஒரே குஷி, விண்வெளிக்குப் போகிற மாதிரி இருந்தது என்றார்கள். எனக்கென்னவோ அதில் நாம் எடுத்துவர ஒன்றும் இல்லை என்றுதான் பட்டது. யாங்கோனில் மூன்றாம் மாடியில் அப்படி ஒரு அறை கட்ட முடியாது, தேவையும் இல்லை. இருபது நிமிடத்தில் வெளியே வந்தோம்.

நமக்கான இடம் அடுத்த கட்டிடம், சர்க்யூட் போர்டு செய்கிற லைன். வாசலில் ஒரு சின்னப் பெட்டி. ஷூவுக்குள் ஹீல் ஸ்ட்ராப் (உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் குதிகால் பட்டை) மாட்டி, தரையிலுள்ள தகட்டில் நின்று பொத்தானைத் தொட்டால் பச்சை விளக்கு எரிய வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும். 13 பேரில் 4 பேருக்குச் சிவப்பு எரிந்தது. ஹீல் ஸ்ட்ராப்பிலிருந்து வருகிற ரிப்பனைக் காலுறைக்குள் செருகி, தோலில் படும்படி வைக்க வேண்டும். அவர்களில் மூன்று பேர் அதைக் காலுறைக்கு மேலேயே விட்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு ரிப்பன் சரியாக இருந்தும் சிவப்பு. பாதம் வறண்டு வெடித்திருந்தது. எங்களைக் கூட்டிப்போன பெண் பொறியாளர் ஒரு பாட்டிலிலிருந்து லோஷன் கொடுத்தார். தடவினான், பச்சை எரிந்தது.

இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் வருஷக்கணக்காகச் சோம்பேறியாக இருந்தேன். உடம்பில் சேர்கிற நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்குச் 'சுருக்' என்று உறைக்கும். சில ஐசிக்கு 100 வோல்ட்டே எமன். அதாவது நாம் உணராமலே கொன்றுவிடலாம். அதுவும் சில சமயம் அப்போதே சாகாது, பாதி அடிபட்டு இரண்டு வாரம் ஓடிவிட்டு அப்புறம் சாகும். வாடிக்கையாளர் திரும்பி வருவார். என் மேசையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் (அதே வேலைக்கான மணிக்கட்டுப் பட்டை) ஒன்று ஆணியில் தொங்கும், படம் எடுக்க மட்டும் மாட்டுவேன். அதோடு என் பிள்ளை ஒருவன் ஸ்ட்ராப்பின் ஒயரை அறுத்து நேராக எர்த்தில் பற்ற வைத்திருந்தான், 'உள்ள ஏதோ ரெசிஸ்டர் இருக்கு சயா, தடையா இருக்கு' என்று. அந்த 1 மெகா ஓம் ரெசிஸ்டர்தான் ஆள் கைதவறி மெயின்ஸைத் தொட்டால் உயிரைக் காப்பாற்றுவது. தாய்லாந்தில் அந்தப் பெண் அதை விளக்கும்போது நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

லைன் என்பது வரிசையாக மெஷின்கள். முதலில் பேஸ்ட் பூசுகிறது. 0.12 மில்லிமீட்டர் தடிமனில் எஃகுத் தகடு, அதில் துளைகள். நாம் ரீபால் பண்ண வைத்திருக்கிற ஸ்டென்சிலின் பெரியப்பா. மேலே பேஸ்ட்டை ஒரு தகடு இழுத்துவிட்டுப் போகும். அடுத்து பாகங்களை வைக்கிற மெஷின். சினிமா ரீல் மாதிரி சுருட்டிய நாடாக்களிலிருந்து மூக்கால் உறிஞ்சி எடுத்து, கேமரா முன் ஒரு கணம் காட்டி, போர்டில் வைக்கும். மணிக்குப் பல்லாயிரக்கணக்கில் வைக்கிறது, கண் பின்தொடர முடியாது. அப்புறம் ரீஃப்ளோ அடுப்பு, அதன் பின் கேமராச் சோதனை, பிஜிஏ இருந்தால் எக்ஸ்-ரே.

பிள்ளைகள் கேட்ட முதல் கேள்விகள் எல்லாம் வீண். "இந்த மெஷின் என்ன விலை?" "ஒரு நாளைக்கு எத்தனை?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது என்றார். அப்புறம் மோல்மேன் பையன், "எந்த இடத்துல அதிகமா தப்பு நடக்குது?" என்று கேட்டான். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் நின்றுவிட்டார். எங்களைத் திரும்ப லைனின் தொடக்கத்துக்கே கூட்டிப்போனார். பெரும்பாலான தப்பு அடுப்பில் தெரியும், ஆனால் பிறப்பது பேஸ்ட் பூசும் இடத்தில் என்றார். அதற்குப் பிறகுதான் அவர் நிஜமாகப் பேச ஆரம்பித்தார். அடுத்த தடவை போகும்போது பிள்ளைகளிடம் கேள்விகளை எழுதி வாங்கி, தப்பைப் பற்றிக் கேட்கிற கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்துவிட்டேன்.

பேஸ்ட்டை ஃபிரிட்ஜில் 2 முதல் 10 டிகிரிக்குள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் வெளியே எடுத்த நேரம் எழுதியிருந்தது. எடுத்து நாலு மணி நேரம் மூடியைத் திறக்காமல் வைக்க வேண்டும். ஜில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் பேஸ்ட்டில் படியும், சூடாக்கும்போது அது தெறித்து உருண்டை உருண்டையாகச் சிதறும். நான் என்ன செய்வேன் தெரியுமா? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து, கெட்டியாக இருக்கிறதே என்று இரண்டு சொட்டு ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஓட உதவும் திரவம்) விட்டுக் கிண்டுவேன்.

அதற்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி. மேலே சிவப்பு எண்ணில் '3' என்று காட்டியது. உள்ளே ஈரப்பதம் 3 சதவீதம். ஐசிகள் வெள்ளிநிறப் பைகளில், காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒரு சின்ன அட்டையும். அட்டையில் மூன்று வட்டம், காய்ந்திருந்தால் நீலம், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. பையின் மேல் ஒரு லேபிளில் 168 மணி நேரம் என்று இருந்தது. பையைத் திறந்ததிலிருந்து 168 மணி நேரத்துக்குள், அதாவது ஏழு நாளுக்குள், ஐசியை போர்டில் ஏற்றிச் சூடாக்கிவிட வேண்டும். மீறினால் முதலில் அடுப்பில் காயவைக்க வேண்டும், வழக்கமாக 125 டிகிரியில் பல மணி நேரம்.

ஏன் என்று கேட்டேன். ஐசியின் கறுப்புப் பிளாஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாகக் குடிக்கும், 200 டிகிரிக்கு மேல் திடீரென்று சூடாக்கினால் அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உள்ளே பிளந்துவிடும் என்றார். "பாப்கார்ன்" என்றார். கையால் பொரிகிற மாதிரி காட்டினார்.

நான் மொழிபெயர்க்க மறந்து நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பகோ பெண், "சயா, நம்ம 'டப்' அதுதானா?" என்றாள்.

அதுதான். லேபிளின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த 168 மணி நேரம் 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் உட்பட்ட அறைக்குத்தான். யாங்கோனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, மே முதல் அக்டோபருக்குள்ளேயே முக்கால்வாசிக்கு மேல் கொட்டிவிடும். ஆகஸ்டில் என் கடைச் சுவரில் பூசணம் படரும், உப்பு ஜாடியில் உப்பு கரையும். அந்தக் காற்றில் நான் ஐசிகளை எங்கே வைத்திருந்தேன் என்றால், பழைய பிஸ்கட் டின்னில், பஞ்சு மேல். மார்க்கெட்டில் யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றினாலும் எல்லா ஐசியிலும் இல்லை.

அடுப்பிலும் ஒரு பாடம் இருந்தது. அங்கே அடுப்பின் எண்ணை யாரும் நம்புவதில்லை. ஒரு மாதிரி போர்டில் நாலைந்து இடத்தில் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) ஒட்டி, அதையே அடுப்புக்குள் அனுப்பி, போர்டுக்கு எவ்வளவு சூடு ஏறுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கிறார்கள். ஈயம் இல்லாத கலவை 217 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நின்று, 245 வாக்கில் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். ஏறுவதும் நொடிக்கு ஒன்றிலிருந்து மூன்று டிகிரி. நாங்கள் ஹாட் ஏர் கைப்பிடியில் 350 என்று வைத்து, "உருகிடுச்சு, எடு" என்று வேலை செய்கிறவர்கள். 350 என்பது காற்று வெளியே வருகிற இடத்துச் சூடு, போர்டின் சூடு எவ்வளவு என்று நாங்கள் அளந்ததே இல்லை.

மதியம் கேண்டீனில் சாப்பிட்டோம். பர்மியப் பையன்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பக்கத்து மேசையிலிருந்த ஒரு பெண் திரும்பினார். நம் பர்மாவின் பாஅன் ஊர்க்காரர். அங்கே வந்து ஆறு வருடம். என்னை "ஊலே" என்றுதான் கூப்பிட்டார், பர்மியத்தில் மாமா, சித்தப்பா மாதிரி. பாகங்களின் ரீலை மெஷினில் மாட்டுவது அவர் வேலை. ஒவ்வொரு ரீலுக்கும் பார்கோடு அடித்து, சரியான இடம்தான் என்று மெஷின் ஒத்துக்கொண்டால்தான் லைன் ஓடும். "தரையில விழுந்த பாகத்தை எடுத்து வைக்கக் கூடாது ஊலே, எடுத்து ஒரு டப்பாவுல போட்டு எண்ணிக்கை எழுதணும்" என்றார். நாங்கள் தரையில் விழுந்த ரெசிஸ்டரைத் தேடிக் கண்டுபிடித்தால் கைதட்டுகிறவர்கள்.

சம்பளம் எவ்வளவு என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அவர் சொல்லவில்லை, சிரித்தார். பிள்ளைகள் மனசுக்குள் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். அப்போது தாய்லாந்தில் மாகாணத்தைப் பொறுத்து ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 308 முதல் 330 பாட் வரை. பாட்டுக்கு 50 சாட் என்று வைத்தால் 15, 16 ஆயிரம் சாட் ஆகிறது. நம் ஊரில் அப்போது 4,800. மூன்று பங்கு. அந்தப் பெண் போகும்போது இன்னொன்று சொன்னார்: "ஆறு வருஷத்துல நான் சால்டரிங் அயர்னை ஒரு தடவைகூடக் கையில பிடிச்சதில்லை. நீங்க போன் போர்டையே கழற்றி மாட்டறீங்களா?" அதைக் கேட்டுத் தாட்டோன் பையன் நெஞ்சு நிமிர்த்தினான். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் அன்றிரவு பாங்காக்கில் வேலைக்கு எப்படிப் பேப்பர் போடுவது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை, என் மாமாவே பினாங்கில் போய்ப் பிழைத்தவர்.

அன்று நான் பண்ணிய பெரிய தப்பு, மொழிபெயர்ப்பையும் நானே வைத்துக்கொண்டது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில், அப்புறம் பர்மியத்தில். இரண்டு மணி நேரத்தில் பாதி நேரம் என் வாய்தான் வேலை செய்தது, கண் இல்லை. எக்ஸ்-ரே படத்தில் என்ன காட்டினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. ஆங்கிலம் தெரிந்த ஒருவரை அதற்கென்றே கூட்டிப்போயிருக்க வேண்டும். நல்லவேளை ஒன்று செய்தோம். போட்டோ எடுக்க விடாததால், இரவு தங்கின இடத்துக்கு வந்ததும் சாப்பிடும் முன்பே தரையில் சார்ட் பேப்பர் விரித்து எல்லாரும் நினைவிலிருந்து வரைந்தோம். அடுப்புக்கு எட்டு அறையா பத்து அறையா என்று அரை மணி நேரம் சண்டை. மோல்மேன் பையன் பத்து என்று சாதித்தான், மேலே இருந்த எண்களை எண்ணியிருக்கிறான். அந்த சார்ட் இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது. போட்டோ எடுத்திருந்தால் இவ்வளவு நினைவு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாள் பான் மோ தெருவுக்குப் போனோம். பாங்காக்கின் இந்தியக் கடைத்தெருவான பாஹுரத்துக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக் பாகம் விற்கிற கடைகள். துணிக்கடை, கோயில் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ரோடு தாண்டும்போதுதான் உயிர் போய் உயிர் வந்தது. நம் ஊரில் வண்டி வலப்பக்கம் ஓடும், அங்கே இடப்பக்கம், பழக்கத்தில் எதிர்ப்பக்கமே பார்க்கிறார்கள். ஈரம் காட்டும் அட்டைகள் ஒரு கட்டு, தெர்மோகப்பிள் மீட்டர் ஒன்று, ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம் இரண்டு, ரிஸ்ட் ஸ்ட்ராப் ஒரு டஜன் வாங்கினோம். அந்தத் தொழிற்சாலையில் பார்த்த மெஷின் ஒன்றின் ஒரு மூக்கு விலைகூட வராது இதெல்லாம் சேர்த்தாலும்.

ஊருக்கு வந்து அலமாரி செய்தோம். அலமாரி என்ன, ரப்பர் வளையம் போட்டு மூடுகிற பெரிய பிளாஸ்டிக் அரிசி டப்பா. அடியில் ஒரு கிலோ சிலிக்கா ஜெல், அதன் மேல் ஓட்டைத் தட்டு, தட்டில் ஐசி. ஒரு கடிகாரம், ஒரு அட்டை. 3 சதவீதம் வராது, 10-க்குக் கீழே நின்றால் சந்தோஷம். வாரம் ஒரு முறை ஜெல்லை எடுத்து டோஸ்டர் அடுப்பில் 110, 120 டிகிரியில் வறுத்து ஆறவைத்துப் போடுகிறோம். டோஸ்டர் அடுப்பின் திருகில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்த்தபோது 120 என்று போட்டால் 150 வரை ஏறி இறங்கியது. வேலைக்கு வருகிற போன் போர்டு பெரிய ஐசி மாற்ற வேண்டியதாக இருந்தால், பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா கழற்றிவிட்டு 80 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறோம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நம் ஊரில் அது அடிக்கடி நடக்கும் என்பதால் வாடிக்கையாளரிடம் மூன்று நாள் கேட்டுவிடுகிறேன். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அடுத்த மழைக்காலம் வந்தது. 'டப்' முழுக்க நிற்கவில்லை, இரண்டு பொரிந்தது. இரண்டும் டப்பாவில் வைக்காமல் அவசரத்துக்கு வெளியிலிருந்து வாங்கி நேராக ஏற்றியவை. முந்தின வருஷம் அதே மாதங்களில் பதினேழு என்று பழைய பில் புத்தகத்தைப் புரட்டி எண்ணினேன்.

பகோ பெண் படிப்பு முடித்து என் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆகஸ்டில் ஒரு நாள் மழை கொட்டுகிறது, ஒருவர் நனைந்துகொண்டே போனைக் கொண்டுவந்து, இன்றைக்கே வேண்டும், அண்ணன் ஊருக்குப் போகிறான் என்று நிற்கிறார். நான் சரி பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன், பழைய புத்தி. அவள் டப்பாவைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். யாரோ முந்தின நாள் மூடியைச் சரியாக அழுத்தவில்லை. மூன்று வட்டமும் ரோஸ் நிறம். அட்டையை எடுத்து வந்து என் முன் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜெல்லை வறுக்க டோஸ்டரில் கொட்டினாள். நான் எழுந்துபோய் போன் கொண்டுவந்தவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, நாளை மறுநாள் வரச் சொன்னேன்.